எட்கர் எஃப். காட்

எட்கர் ஃபிராங்க் காட் (ஆகஸ்ட் 19, 1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஆவார். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, தரவுத்தளங்களுக்கான உறவுநிலை மாதிரியை 1970 ஆம் ஆண்டில் முன்வைத்தார். வங்கிக் கணக்குகள், பயண முன்பதிவு, பல்கலைக்கழகப் பதிவேடுகள் எனப் பல துறைகளில் பயன்படும் ஆரக்கிள், டிபி2, மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற மென்பொருள்கள் இம்மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. இப்பணிக்காக இவருக்கு 1981 ஆம் ஆண்டில் டூரிங் விருது வழங்கப்பட்டது.

தரவு எதைக் குறிக்கிறது என்பதையும், அது கணினியில் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதையும் தனித்தனியே பிரிப்பதே இவரது ஆய்வுகளின் மையக் கருத்தாகும். படிநிலை வடிவில் தரவைச் சேமிக்கும் முறையை எதிர்த்து உறவுநிலை மாதிரியை உருவாக்கிய இவர், 1979 ஆம் ஆண்டில் படிநிலையை வேறொரு பொருளில் தம் மாதிரிக்குள் மீண்டும் கொண்டுவந்தார். பொது வகை, அதன் உள்வகைகள் ஆகியவற்றைக் கொண்ட மரபுரிமப் படிநிலையை அட்டவணைகளாக மாற்றும் சிக்கலுக்கு அவ்வாய்வு ஒரு முன்னோடி விடையாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

காட் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தைச் சேர்ந்த போர்ட்லண்ட் தீவில் பிறந்தார். பெற்றோரின் ஏழு பிள்ளைகளில் இவரே இளையவர். தந்தை தோல் பொருள் உற்பத்தியாளர். தாய் பள்ளி ஆசிரியை. பூல் நகரப் பள்ளியில் பயின்றபின், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எக்சிட்டர் கல்லூரியில் சேர்ந்து கணிதமும் வேதியியலும் பயின்றார்.

இரண்டாம் உலகப்போர் இவரது கல்வியை இடைமறித்தது. பிரித்தானிய வான்படையின் கடலோரப் பிரிவில் வானோடியாகச் சேர்ந்து, சண்டர்லண்ட் வகைப் பறக்கும் படகுகளை இயக்கினார். போர் முடிந்தபின் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் படிப்பை நிறைவு செய்தார். பின்னர் 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஐபிஎம் நிறுவனத்தில் தொடக்கக் காலம்

நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தில் கணித நிரலாளராக இவரது கணினி வாழ்க்கை தொடங்கியது. ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒரு பெரிய அறை முழுவதையும் நிறைத்திருந்த எஸ்எஸ்இசி என்னும் கணிப்பானுக்கு அப்போது இவர் நிரல்கள் எழுதினார்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனட் உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தியின் தலைமையில் பொதுவுடைமையாளர் என ஐயுறப்பட்டோர் மீது கடுமையான விசாரணைகள் நடைபெற்றன. அச்சூழலால் மனம் வெறுத்த காட், 1953 ஆம் ஆண்டில் வேலையை விட்டுவிட்டுக் கனடாவின் ஒட்டாவா நகருக்குச் சென்றார். 1957 ஆம் ஆண்டில் மீண்டும் அமெரிக்காவுக்கு வந்து ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு ஸ்ட்ரெச் என்று அழைக்கப்பட்ட ஐபிஎம் 7030 கணினிக்காக, ஒரே நேரத்தில் பல நிரல்களை இயக்கும் அமைப்பை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

முனைவர் பட்ட ஆய்வு

காட் தம் நாற்பதாவது வயதை நெருங்கும் வேளையில் மீண்டும் மாணவரானார். ஐபிஎம் நிறுவனத்தின் உதவியுடன் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1965 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் கணிப்பொறி இயலுமா என்னும் வினாவுக்கு ஜான் வான் நாய்மன் முன்னரே விடை தந்திருந்தார். அவர் வடிவமைத்த கட்டமைப்பில் ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளுள் ஒன்றில் இருக்கும். அதே பணியை 8 நிலைகளைக் கொண்டே செய்ய இயலும் என்று காட் நிறுவினார். இவ்வாய்வு 1968 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. சிக்கலான ஒன்றைக் குறைந்த எண்ணிக்கையிலான அடிப்படைக் கூறுகளாகச் சுருக்கும் இப்போக்கை இவரது பிற்கால ஆய்வுகளிலும் காணலாம்.

படிநிலைத் தரவுத்தளங்களின் சிக்கல்

1960களின் இறுதியில் காட் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்கு மாறினார். அக்காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் முதன்மையான தரவுத்தள மென்பொருள் ஐஎம்எஸ் ஆகும். அப்பல்லோ நிலவுப் பயணத் திட்டத்தின் ஏவூர்தி உறுப்புகளைப் பட்டியலிட உருவாக்கப்பட்ட இம்மென்பொருள், தரவை ஒரு மரத்தைப் போன்ற படிநிலையில் சேமித்தது. ஒவ்வொரு பதிவும் தனக்கு மேலுள்ள ஒரு தாய்ப் பதிவின் கீழ் அமைந்திருக்கும். கீழுள்ள பதிவை அடைய வேண்டுமானால், நிரல் மேலிருந்து படிப்படியாக இறங்கிவர வேண்டும்.

இம்முறையில் நிரலாளர் தரவு எங்கே இருக்கிறது, எவ்வழியாக அதை அடையலாம் என்பவற்றை அறிந்திருக்க வேண்டும். அவ்வழி மாறினால் நிரலும் செயலற்றுப் போகும். காட் தம் 1970 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். உறுப்புகள், திட்டங்கள், எத்திட்டத்துக்கு எந்த உறுப்பு எவ்வளவு ஒதுக்கப்பட்டது ஆகிய விவரங்களை எடுத்துக்கொண்டார். உறுப்பின் கீழ்த் திட்டத்தை வைக்கலாம். திட்டத்தின் கீழ் உறுப்பை வைக்கலாம். இரண்டையும் தனித்தனியே வைத்து ஒதுக்கீட்டை ஏதேனும் ஒன்றோடு இணைக்கலாம். இவ்வாறு ஒரே தகவலை ஐந்து வெவ்வேறு கட்டமைப்புகளில் சேமிக்க இயலும் என்று காட்டினார். ஒரு கட்டமைப்புக்காக எழுதப்பட்ட நிரல் மற்றொன்றில் இயங்காது. ஐந்திலும் தகவல் ஒன்றே. மாறியது சேமிப்பு முறை மட்டுமே.

உறவுநிலை மாதிரி

இச்சிக்கலுக்குக் காட் கணிதத்தில் தீர்வு தேடினார். கணக் கோட்பாட்டில் உறவு என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட மதிப்புகளின் தொகுதிகளைக் கொண்ட ஒரு கணம் ஆகும். ஓர் உறவை அட்டவணையாக எழுதிக் காட்டலாம். அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் உண்மைக் கூற்றைக் குறிக்கும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பண்புக்கூற்றைக் குறிக்கும். வரிசைகளின் முன்பின் ஒழுங்குக்குப் பொருள் ஏதும் இல்லை. இரு அட்டவணைகளுக்கு இடையேயான தொடர்பு, மறைவான சுட்டிகளால் அன்றி, இரண்டிலும் உள்ள பொதுவான மதிப்புகளாலேயே குறிக்கப்படும்.

இக்கருத்துகளை 1969 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் உள் ஆய்வறிக்கையாக எழுதினார். திருத்தி விரிவாக்கப்பட்ட கட்டுரை 1970 ஆம் ஆண்டு சூன் மாதம் அமெரிக்கக் கணினிக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, ஒரே தகவல் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பதிவாவதைத் தவிர்க்கும் இயல்பாக்க விதிகளை வகுத்தார். உறவுநிலை இயற்கணிதம், உறவுநிலை நுண்கணிதம் ஆகியவற்றையும் வரையறுத்தார். ரேமண்ட் பாய்ஸ் என்பவருடன் இணைந்து உருவாக்கிய இயல்பு வடிவம் இருவர் பெயராலும் பாய்ஸ்-காட் இயல்பு வடிவம் என அழைக்கப்படுகிறது.

எதிர்ப்பும் ஏற்பும்

ஐபிஎம் நிறுவனம் இம்மாதிரியை உடனே ஏற்கவில்லை. ஐஎம்எஸ் நல்ல வருவாய் ஈட்டி வந்ததால், அதற்குப் போட்டியாக அமையக்கூடிய ஒன்றை உருவாக்க நிறுவனம் தயங்கியது. கணிதக் குறியீடுகள் நிறைந்த கட்டுரைகள் பல நிரலாளர்களுக்கு எளிதில் விளங்கவில்லை. எங்கே தேடுவது என்று சொல்லாமல், எது வேண்டும் என்று மட்டும் கேட்டால் கணினியால் போதிய விரைவுடன் விடை தர இயலாது என்ற கருத்தும் பரவலாக இருந்தது.

வலையமைப்பு மாதிரியின் முன்னோடியான சார்லஸ் பாக்மன் 1973 ஆம் ஆண்டில் டூரிங் விருது பெற்றவர். அடுத்த ஆண்டில் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கருத்தரங்கில், காட், பாக்மன் ஆகியோரின் தரப்புகளுக்கிடையே நடந்த விவாதம் தரவுத்தள வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அவ்விவாதத்துக்குப் பின் இளம் ஆய்வாளர்கள் பலர் உறவுநிலை மாதிரியின்பால் ஈர்க்கப்பட்டனர்.

சான் ஓசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்னும் சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் பிற்காலத்தில் எஸ்கியூஎல் எனப் பெயர்பெற்ற வினவல் மொழியை உருவாக்கினர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இன்கிரெஸ் என்னும் அமைப்பை உருவாக்கினர். இவ்விரண்டும் உறவுநிலைத் தரவுத்தளம் நடைமுறைக்கு ஏற்றது என்பதை மெய்ப்பித்தன. எனினும், வெளியிடப்பட்ட சிஸ்டம் ஆர் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து ஆரக்கிள் நிறுவனத்தார் 1979 ஆம் ஆண்டிலேயே தம் மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஐபிஎம் தன் முதல் வணிக உறவுநிலைத் தரவுத்தளத்தை 1981 ஆம் ஆண்டிலும், டிபி2 மென்பொருளை 1983 ஆம் ஆண்டிலும்தான் அறிவித்தது. ஐபிஎம் ஆய்வகத்தில் பிறந்த கருத்தைக் கொண்டு வேறொரு நிறுவனம் முந்திக்கொண்டது.

எஸ்கியூஎல் மொழியின் வெற்றியிலும் காட் முழு நிறைவு கொள்ளவில்லை. ஓர் அட்டவணையில் ஒரே கிடைவரிசை இருமுறை இடம்பெற அம்மொழி இடந்தருவதைக் கண்டித்தார். கணத்தில் ஒரே உறுப்பு இருமுறை இடம்பெறாது. எனவே அத்தகைய அட்டவணை கணித முறைப்படி உறவு ஆகாது என்பது இவரது வாதம்.

ஆர்எம்/டி: படிநிலையின் மறுவரவு

உறவுநிலை மாதிரி பரவத் தொடங்கியபோது மற்றொரு வகையான குறை சுட்டிக்காட்டப்பட்டது. அட்டவணைகள் எல்லாம் ஒரே தன்மையானவை. எனவே அவை உலகின் பொருளைப் போதிய அளவுக்கு உணர்த்தவில்லை என்று ஆய்வாளர்கள் கருதினர். ஓர் ஓட்டுநர் ஒரு பணியாளரும் ஆவார் என்னும் செய்தியை வெறும் அட்டவணைகள் நேரடியாகச் சொல்வதில்லை. 1977 ஆம் ஆண்டில் ஜான் மைல்ஸ் ஸ்மித்தும் டயேன் ஸ்மித்தும் பொதுமையாக்கம் என்னும் கருத்தைத் தரவுத்தளத் துறையில் விளக்கி எழுதினர். நிரலாக்கத் துறையில் இதற்கு இணையான கருத்து முன்னரே தோன்றியிருந்தது. நார்வே நாட்டின் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில், ஓர் இனக்குழு மற்றோர் இனக்குழுவின் பண்புகளை மரபுரிமமாகப் பெற இயன்றது.

இக்குறைக்கு விடையாகக் காட் 1979 ஆம் ஆண்டில் உறவுநிலை மாதிரியின் விரிவாக்கம் ஒன்றை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் முதன்முதலாக எடுத்துரைக்கப்பட்டதால், அவ்வூரின் முதலெழுத்தைச் சேர்த்து அது ஆர்எம்/டி என அழைக்கப்பட்டது. அதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

ஒவ்வோர் உருபொருளுக்கும் கணினியே ஓர் அடையாளக் குறியை வழங்கும். அது பதிலி எனப்படும். பெயரோ எண்ணோ மாறினாலும் பதிலி மாறாது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரே நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை இருக்கும். அவ்வகையைச் சேர்ந்த உருபொருள்களின் பதிலிகள் மட்டுமே அதில் இடம்பெறும். ஓர் உருபொருள் அவ்வகையில் உண்டா இல்லையா என்பதை அது தெரிவிக்கும்.

பண்புக்கூறுகள் வேறு அட்டவணைகளில், பதிலியோடு சேர்த்துப் பதியப்படும். வகை அட்டவணையில் இல்லாத பதிலிக்குப் பண்பு எதுவும் பதியப்படக் கூடாது.

ஒரு பதிலி உள்வகையின் அட்டவணையில் இருந்தால், அதன் மேல்வகைகள் அனைத்தின் அட்டவணைகளிலும் கட்டாயம் இருக்க வேண்டும். இது உள்வகை ஒருமைப்பாட்டு விதி ஆகும்.

இவ்வாறு காட் படிநிலையை மீண்டும் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஐஎம்எஸ் படிநிலைக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. ஐஎம்எஸ் படிநிலை, தரவை அடையும் வழியைக் குறித்தது. ஆர்எம்/டி படிநிலை, தரவின் பொருளைக் குறித்தது. முன்னது நிரலாளர் நடந்து செல்ல வேண்டிய பாதை. பின்னது தரவுத்தளம் காக்க வேண்டிய விதி.

மரபுரிமப் படிநிலையை அட்டவணைகளாக மாற்றல்

ஆர்எம்/டி முழு வடிவில் வணிக மென்பொருளாகப் பரவவில்லை. எனினும் பொருள்நோக்கு நிரலாக்கம் பரவிய பின்னர், அது எழுப்பிய வினா ஒவ்வொரு மென்பொருள் திட்டத்திலும் எழலாயிற்று. தருக்க மாதிரியில் உள்ள மரபுரிமப் படிநிலையை எத்தனை அட்டவணைகளாக, எவ்வாறு பிரிப்பது என்பதே அவ்வினா. மார்ட்டின் ஃபௌலர் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கான மூன்று முறைகளைப் பெயரிட்டு விளக்கினார். ஐபர்னேட் போன்ற மென்பொருள்களும் இவற்றையொத்த முறைகளைக் கையாள்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டாக, 1,000 பணியாளர்கள் கொண்ட ஒரு நிறுவனத்தைக் கருதலாம். அவர்களுள் 100 பேர் ஓட்டுநர்கள். 200 பேர் பொறியாளர்கள். பணியாளர் எண், பெயர், ஊதியம் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. உரிம எண் ஓட்டுநருக்கு மட்டும் உரியது. சிறப்புத் துறை பொறியாளருக்கு மட்டும் உரியது.

முதல் முறையில் படிநிலை முழுவதும் ஒரே அட்டவணையில் அடங்கும். எவ்வகையினர் என்பதைக் காட்ட ஒரு நெடுவரிசை சேர்க்கப்படும். எல்லாப் பணியாளரையும் பட்டியலிட அட்டவணைகளை இணைக்க வேண்டியதில்லை என்பதால் வினவல் எளிது. ஆனால் உரிம எண் நெடுவரிசை 900 கிடைவரிசைகளில் வெறுமையாக இருக்கும். அதனால் அந்நெடுவரிசையைக் கட்டாயம் நிரப்ப வேண்டியது என்று அறிவிக்க இயலாது. ஓட்டுநருக்கு உரிம எண் கட்டாயம் என்னும் விதியைத் தனியொரு கட்டுப்பாடாக எழுத வேண்டும். அதை எழுத மறந்தால் உரிமம் இல்லாத ஓட்டுநரும் தரவுத்தளத்தில் இடம்பெறக்கூடும்.

இரண்டாம் முறையில் ஓட்டுநர், பொறியாளர், பிற பணியாளர் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முழுமையான அட்டவணை அமையும். பெயர், ஊதியம் போன்ற பொது நெடுவரிசைகள் ஒவ்வோர் அட்டவணையிலும் திரும்ப இடம்பெறும். ஓட்டுநர்களை மட்டும் தேடுவது எளிது. எல்லாப் பணியாளரையும் தேட அனைத்து அட்டவணைகளையும் ஒன்றுசேர்க்க வேண்டும். ஒரே பணியாளர் எண் இரு அட்டவணைகளில் இடம்பெறுவதைத் தடுப்பது கடினம். சம்பளப் பட்டியல் போன்ற வேறோர் அட்டவணை பணியாளரைச் சுட்ட விரும்பினால், அயல் திறவுகோல் எந்த அட்டவணையைச் சுட்டுவது என்ற சிக்கலும் எழும். பொறியாளர் ஒருவர் ஓட்டுநராகவும் இருந்தால் அவரது பெயரும் ஊதியமும் இரண்டு இடங்களில் பதிவாகும்; ஓரிடத்தில் ஊதியத்தைத் திருத்தி மற்றோரிடத்தில் திருத்தாவிட்டால் முரண்பாடு தோன்றும்.

மூன்றாம் முறையில் படிநிலையின் ஒவ்வொரு வகைக்கும் ஓர் அட்டவணை அமையும். பணியாளர் அட்டவணையில் 1,000 கிடைவரிசைகளும், ஓட்டுநர் அட்டவணையில் 100 கிடைவரிசைகளும், பொறியாளர் அட்டவணையில் 200 கிடைவரிசைகளும் இருக்கும். ஓட்டுநர் அட்டவணையின் முதன்மைத் திறவுகோலே பணியாளர் அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோலாகவும் அமையும். வெற்று மதிப்புகள் தேவைப்படுவதில்லை. உரிம எண்ணைக் கட்டாயமாக்கலாம். ஆனால் ஓர் ஓட்டுநரின் முழு விவரத்தைப் பெற இரு அட்டவணைகளை இணைக்க வேண்டும். படிநிலை ஆழமாக ஆக, இணைப்புகளின் எண்ணிக்கையும் கூடும்.

மூன்றாம் முறையே ஆர்எம்/டி மாதிரிக்கு மிக நெருக்கமானது. திறவுகோல் பதிலியின் இடத்தைப் பெறுகிறது. அயல் திறவுகோல் உள்வகை ஒருமைப்பாட்டு விதியை நிறைவேற்றுகிறது. பணியாளர் அல்லாத ஒருவர் ஓட்டுநராகப் பதியப்பட இயலாது. எனினும் அயல் திறவுகோல் ஒரு திசையில் மட்டுமே காவல் புரிகிறது. ஒருவர் ஓட்டுநராகவும் பொறியாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாகாது என்றோ, ஒவ்வொரு பணியாளரும் ஏதேனும் ஓர் உள்வகையைச் சேர்ந்திருக்க வேண்டும் என்றோ விதி இருந்தால், அதற்கு வேறு கட்டுப்பாடுகள் தேவை.

மூன்று முறைகளும் ஒரே பொருளையே உணர்த்துகின்றன. 1970 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரே தகவல் ஐந்து மரங்களாக நின்றதைப் போன்றே, இங்கும் ஒரே படிநிலை மூன்று அட்டவணை அமைப்புகளாக நிற்கிறது. ஓர் அமைப்புக்காக எழுதப்பட்ட வினவல் மற்றோர் அமைப்பில் இயங்காது என்னும் பழைய இடரும் தொடர்கிறது.

வெற்று மதிப்புகள் பற்றிய கருத்து

ஒற்றை அட்டவணை முறையில் தோன்றும் வெறுமையான இடங்கள் ஒரு கோட்பாட்டுச் சிக்கலையும் எழுப்புகின்றன. ஓர் ஓட்டுநரின் உரிம எண் பதியப்படவில்லை என்றால், எண் உண்டு, ஆனால் தெரியவில்லை என்பது பொருள். எழுத்தர் ஒருவரின் உரிம எண் பதியப்படவில்லை என்றால், அவ்வெண் அவருக்குப் பொருந்தாது என்பது பொருள். எஸ்கியூஎல் மொழி இவ்விரண்டையும் நல் என்னும் ஒரே குறியால் குறிக்கிறது.

காட் 1986 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் தெரியாத மதிப்பையும் பொருந்தாத மதிப்பையும் வெவ்வேறாகக் குறிக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். இதனால் மெய், பொய் ஆகியவற்றுடன் மேலும் இரண்டைச் சேர்த்து நான்கு மதிப்புகள் கொண்ட தருக்கம் தேவைப்பட்டது. இவரது நெருங்கிய உடனுழைப்பாளரான கிறிஸ் டேட் இதை ஏற்கவில்லை. வெற்று மதிப்புகளுக்கே தரவுத்தளத்தில் இடமிருக்கக் கூடாது என்றும், அட்டவணைகளை முறையாகப் பிரித்தால் அவற்றைத் தவிர்க்கலாம் என்றும் அவர் வாதிட்டார். இவ்விவாதத்தில் இருவரும் தத்தம் நிலைப்பாட்டைக் கைவிடவில்லை. நடைமுறை மென்பொருள்கள் காட் முன்மொழிந்த நான்கு மதிப்புத் தருக்கத்தை ஏற்கவில்லை.

பன்னிரு விதிகள்

1980களின் நடுப்பகுதியில் உறவுநிலை என்னும் சொல் விற்பனைக்கு உதவும் அடைமொழியாக மாறியது. பழைய மென்பொருள்களின் மேல் ஒரு புதிய பூச்சைப் பூசி, சில நிறுவனங்கள் அவற்றை உறவுநிலைத் தரவுத்தளங்கள் என்று விளம்பரம் செய்தன. இதைக் கண்ட காட், 1985 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழில் இரு பகுதிகளாக எழுதிய கட்டுரையில், உண்மையான உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு உரிய விதிகளை வகுத்தார். பன்னிரு விதிகள் என அழைக்கப்பட்டாலும் அவை 0 முதல் 12 வரை எண்ணிடப்பட்ட 13 விதிகளாகும்.

அவற்றுள் எட்டாம் விதி, சேமிப்பு முறை மாறினாலும் நிரல்கள் மாறக் கூடாது என்கிறது. ஒன்பதாம் விதி அதற்கும் ஒரு படி மேலே சென்று, தகவல் இழப்பின்றி அட்டவணைகளையே பிரித்தாலும் இணைத்தாலும் நிரல்கள் மாறக் கூடாது என்கிறது. ஆறாம் விதி, கோட்பாட்டளவில் புதுப்பிக்க இயலும் காட்சிகள் அனைத்தையும் தரவுத்தளம் புதுப்பிக்க இயல வேண்டும் என்கிறது. காட்சி என்பது பிற அட்டவணைகளிலிருந்து வருவிக்கப்படும் அட்டவணை ஆகும்.

மரபுரிமப் படிநிலையை அட்டவணைகளாக்கும் சிக்கலுக்கு இவ்விதிகள் நேரடியாகப் பொருந்துகின்றன. பணியாளர், ஓட்டுநர், பொறியாளர் ஆகிய மூன்றையும் காட்சிகளாக அமைத்தால், அடியில் இருப்பது ஓர் அட்டவணையா, மூன்றா என்பதை நிரல் அறிய வேண்டியதில்லை. காட்சி வழியாகத் தரவைப் படிப்பதற்குப் பெரும்பாலான மென்பொருள்கள் உதவுகின்றன. ஆனால் பல அட்டவணைகளை இணைத்து உருவான காட்சி வழியாகத் தரவைச் சேர்ப்பதற்கும் திருத்துவதற்கும் அவை பல வரம்புகளை விதிக்கின்றன. எனவே எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்னும் முடிவு, நிரலாளரிடமிருந்து முழுமையாக மறையவில்லை. ஒன்பதாம் விதி முழுமையாக நிறைவேறாத இடம் இதுவே.

பிற்கால வாழ்க்கை

காட் 1976 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் உயரிய ஆய்வுச் சிறப்பான ஐபிஎம் ஃபெல்லோ தகுதியைப் பெற்றார். 1970களில், கணினிப் பயிற்சி இல்லாதவர்களும் ஆங்கிலத்தில் உரையாடித் தரவைப் பெற உதவும் ரான்டிவூ என்னும் திட்டத்தையும் மேற்கொண்டார். 1980களின் நடுப்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தை விட்டு விலகி, கிறிஸ் டேட் உள்ளிட்டோருடன் இணைந்து ஆலோசனை நிறுவனம் ஒன்றை நடத்தினார்.

1990 ஆம் ஆண்டில் உறவுநிலை மாதிரியின் இரண்டாம் பதிப்பு எனத்தக்க பெரிய நூலை வெளியிட்டார். பதின்மூன்று விதிகள் இந்நூலில் 333 கூறுகளாக விரிந்தன. 1993 ஆம் ஆண்டில், வணிகத் தரவுகளைப் பல கோணங்களில் பகுத்தாயும் முறைக்கு ஓலாப் என்னும் பெயரைத் தந்து அறிக்கை ஒன்றை எழுதினார். அத்துறையில் மென்பொருள் விற்ற ஒரு நிறுவனத்துக்காக அது எழுதப்பட்டது என்பதால் விமர்சனத்துக்கு உள்ளானது. எனினும் ஓலாப் என்னும் பெயர் துறையில் நிலைத்துவிட்டது.

மறைவும் நினைவும்

காட் 2003 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தம் இல்லத்தில் இதயச் செயலிழப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 79. அமெரிக்கக் கணினிக் கழகத்தின் தரவு மேலாண்மைப் பிரிவு ஆண்டுதோறும் வழங்கிவந்த புத்தாக்க விருதுக்கு 2004 ஆம் ஆண்டில் இவரது பெயர் சூட்டப்பட்டது.

இவரது கருத்துகளில் சில முழு வடிவில் செயலாக்கம் பெற்றன. சில பகுதியளவில் பெற்றன. ஆர்எம்/டி போன்றவை பெரும்பாலும் கட்டுரைகளிலேயே தங்கிவிட்டன. எனினும் ஓர் உள்வகை அட்டவணையின் முதன்மைத் திறவுகோலை மேல்வகை அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோலாக ஒரு மாணவர் அறிவிக்கும்போது, காட் 1979 ஆம் ஆண்டில் எழுதிய விதியையே அவர் நடைமுறைப்படுத்துகிறார்.